முட்டுவீட்டு வேலைநிறுத்தம்

அந்த வருஷம் கஞ்சிக் கலயம் சுமந்த ஐந்து சிறுமிகளில் இன்றைக்கு மூன்று பேர்தான் மிச்சம். ஒருத்தி மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறாள், காது கேட்காது. இன்னொருத்தி சாயல்குடியில் இருக்கிறாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் கேட்காத மாதிரி இருப்பாள். மூன்றாவது நான். உங்கள் இரண்டு பேருக்கும், அந்த உப்பள ஊர்களில் நம்மோடு வளர்ந்து இன்னும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். எனக்கு எண்பது வயது ஆகிறது, இனிமேல் யார் திட்டி என்ன ஆகப்போகிறது.

முட்டுவீடு உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குக் கிழக்கே, கடைசி வீட்டையும் தாண்டி, உப்பளத்துக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்தில் இருந்தது. மண்சுவர், பனையோலைக் கூரை, கதவு கிடையாது. மாதாமாதம் வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாள் அங்கே போய் உட்கார வேண்டும். விளக்கேற்றக் கூடாது, சமைக்கக் கூடாது, ஆண்கள் கண்ணில் படக் கூடாது. நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். வயதுக்கு வராத சிறுமிகள்தான் கஞ்சி கொண்டுபோய், பத்தடி தள்ளி வைத்துவிட்டு வருவோம். ஈரச் சாணியும் பழந்துணியும் மென்று துப்பிய வெற்றிலையும் கலந்து உள்ளேயிருந்து ஒரு வாடை அடிக்கும். முட்டுவீடு இடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த வாடை மட்டும் சில மழை நாட்களில் எனக்கு இன்னும் வருகிறது.

உப்பளத்தில் இந்தக் கட்டுப்பாடு ஒரு படி கூடுதல். தூரமானவள் பாத்தியில் கால் வைத்தால் உப்பு பூக்காது, அளத்து அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பார்கள். அம்மன் என்றால் உடைமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். தூரமானவள் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, ‘தாயே, போயிட்டு நாலாம் நாள் வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். உப்புக் காலம் முழுக்க அந்தக் கல்லுக்குப் பொழுது சாயும்போது விளக்குப் போட வேண்டும். அதையும் வயதுக்கு வராத சிறுமிதான் செய்ய வேண்டும். அந்த வருஷம் அந்த வேலை எனக்கு.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஏழாவது முடித்து எட்டாவதுக்குப் போகக் காத்திருந்தேன்.

இப்போது அத்தையைச் சொல்ல வேண்டும். என் அய்யாவின் அக்கா. கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் கொழும்புக்குப் போனார், போனவர் போனவர்தான். தாலி இருந்தது, ஆள் இல்லை. அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து உப்பளத்தில் சுமை தூக்கினாள். உங்களுக்குத் தெரியும், பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பது ஆண்கள் வேலை. அதை ஓலைக் கொட்டானில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவதும், அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவதும் பெண்கள் வேலை. எங்கள் அளத்தில் நாற்பது பெண்கள். எல்லாருடைய பாதமும் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி வெள்ளையாக இருக்கும். வேப்பெண்ணெயைச் சுடவைத்து ஊற்றிக்கொண்டு சத்தம் போடாமல் பல்லைக் கடிப்பார்கள்.

அத்தை தலைவியான கதை தண்ணீரில் தொடங்கியது. அளத்துக்கு மாட்டுவண்டியில் ஒரு பீப்பாய் குடிதண்ணீர் வரும். முதலில் ஆண்கள் குடிப்பார்கள், பிறகு வண்டிமாடு குடிக்கும், அப்புறம் மிச்சம் இருந்தால் பெண்களுக்கு. ஒருநாள் அத்தை போய்ப் பீப்பாய்க்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“ஆம்பளைக்கு முன்னாடி குடுங்கன்னு கேக்கல. மாட்டுக்கு முன்னாடி குடுங்க, போதும்,” என்றாள்.

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபின் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை குடையோடு வந்துபோகும் சங்கத்துக்காரர் அன்றைக்கு அங்கே இருந்தார். அடுத்த கூட்டத்தில் அத்தையைச் சங்கத் தலைவியாக்கினார். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சங்கத்திலும் ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு அதில் பெருமையும் இல்லை, பொறாமையும் இல்லை. “மதினி கூட்டத்துக்குப் போனா மாவு யாரு ஆட்டுறது?” என்பதுதான் ஆத்தாவின் கவலை. ஆத்தாவும் அந்த நாற்பது பேரில் ஒருத்தி.

அத்தை மூன்று கோரிக்கை வைத்தாள். பெண்களுக்குத் தனிப் பீப்பாய். நிழலுக்கு ஒரு கொட்டகை. மூன்று நாள் முட்டுவீட்டுக்குப் போய்த் திரும்புகிறவளுடைய இடத்தைக் கங்காணி வேறொருத்திக்குக் கொடுத்துவிடக் கூடாது. இந்த மூன்றாவதுதான் எல்லாருக்கும் வலித்த இடம். மூன்று நாள் போய் வந்தால், ‘ஒன் இடம் போச்சு, அடுத்த மாசம் பாப்போம்’ என்று கங்காணி கையை விரிப்பார். போகாமல் மறைத்து வேலை செய்தால் அம்மன் குற்றம். எப்படிப் போனாலும் முட்டும். முதலாளி மூன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சித்திரைக் கடைசி. பாத்திகளில் உப்பு முற்றி நின்றது. வாரி முடித்துச் சுமக்க வேண்டிய நேரம். கோடை மழைக்கு முன்னால் எல்லாம் மேட்டுக்குப் போய் ஓலைக்குள் அடங்க வேண்டும். அத்தை பார்த்துப் பார்த்து அந்த நாளைத்தான் பிடித்தாள்.

காலையில் நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். கொட்டானை யாரும் தொடவில்லை. நான் தூக்குச்சட்டியோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏத்தா, என்ன சும்மா நிக்கிறீக? கொட்டானை எடுங்க,” என்றார் கங்காணி.

முதலில் நின்றவள் மூத்த சுமைக்காரி. பேரன் பேத்தி எடுத்தவள். “நான் வீட்டுக்குத் தூரம்,” என்றாள்.

“ஒனக்கா?”

“ஆமா. எனக்கு இல்லன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

கங்காணி வரிசையில் நகர்ந்தார். அடுத்தவள் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். ஆத்தா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கடைசியில் அத்தை சொன்னாள். எந்த ஆண்பிள்ளை அதைச் சரிபார்க்க முடியும்? முதலாளி போட்டு வைத்த சட்டத்தையே எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், வல்லவளுக்கு முட்டுவீடும் ஆயுதம் என்று நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது மூத்த சுமைக்காரி நின்றாள். “சாமிகிட்டச் சொல்லாமப் போகக் கூடாது,” என்றாள். நாற்பது பேரும் உடைமரத்தடியில் நின்று, “தாயே, நாலாம் நாள் வாரோம்,” என்றார்கள். அத்தையும் சொன்னாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அந்தச் சிரிப்புக்கு அவள் கொடுத்த விலை அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முட்டுவீட்டில் நாற்பது பேர் எப்படி இருக்க முடியும்? சுற்றிலும் இருந்த கருவேல மரத்தடி முழுக்க உட்கார்ந்துகொண்டார்கள். கங்காணி அந்தப் பக்கம் வர முடியாது. முதலாளியின் ஆட்கள் வர முடியாது. பாவம், சங்கத்துக்காரரும் வர முடியவில்லை. வண்டிப்பாதையில் முதுகைக் காட்டிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி, வடக்கே பார்த்துச் சத்தம் போட்டார்.

“தலைவி, அடுத்து என்ன செய்யணும்?”

“நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, வெயிலா இருக்கு,” என்றாள் அத்தை.

அப்படி ஒரு சிரிப்பை அந்த இடம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. ஆண்கள் யாரும் கொட்டானைத் தொடவில்லை. பெண்பிள்ளை சுமக்கிற சுமையைத் தலையில் வைத்தால் மானம் போய்விடுமாம். அய்யாவுக்கு மட்டும் அவமானம் தாங்கவில்லை. “ஊருக்கு நடுவுல நின்னு தூரம்னு சொல்லிட்டாளே எங்கக்கா,” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் எனக்கு வந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் எதிர்வீட்டு அக்காவுக்கு வந்ததைப் பார்த்திருந்தேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். பச்சை ஓலையில் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள், புட்டு சுற்றினார்கள், மாமன் சீர் கொண்டுவந்தார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவளுடைய சிலேட்டை அவள் அம்மா ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாக வைத்திருந்தாள். அடுத்த தை மாதம் அவளைச் சாயல்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சிலேட்டுத்தான் கண்ணில் நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டேன், கஞ்சிக் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன், நடந்தேன்.

பத்தடி தள்ளிக் கலயத்தை இறக்கினேன். “நாங்கதான் தூரமே இல்லையேடி, கிட்ட வா,” என்று அத்தை கூப்பிட்டாள். போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். தன் மடியிலிருந்து பழைய கருநீலச் சேலைக் கிழிசல் ஒன்றை எடுத்து என் இடுப்பில் பாவாடைக்கு மேல் சுற்றிக் கட்டினாள்.

“உப்புத்தண்ணி தெறிச்சா பாவாடை இத்துப்போகும். இதைச் சுத்திக்கிட்டே திரி,” என்றாள்.

பிறகு ஒரு வேலை சொன்னாள். முதலாளி வேறு ஊரிலிருந்து பெண்களை வண்டியில் வரவழைக்கிறாராம். தெற்குப் பாதையில் வருகிறார்கள். அவர்கள் இறங்குவதற்கு முன் நான் ஓட வேண்டும்.

“என்ன சொல்லணும் அத்தை?”

“இந்த அளத்து வரப்பெல்லாம் நாப்பது பேரு தூரத்தோட நடந்த வரப்பு. தீட்டுக் கழிக்கல. இறங்கினா ஒங்க வீட்டுக்கும் தோஷம் வரும்னு சொல்லு.”

வரப்பில் சுற்றிப் போனால் நேரமாகும். நான் பாத்திக்குள் இறங்கிக் குறுக்கே ஓடினேன். கணுக்கால் அளவு உவர்நீர், சூடாக. காலுக்கடியில் உப்பு நொறுங்கியது. அம்மன் என்னை அங்கேயே சாய்த்துவிடுவாள் என்று பயந்து பயந்து ஓடினேன். அந்தக் கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். நான் மிதித்த தடத்தைச் சுற்றி உப்பு அப்படியே பூத்துக் கிடந்தது. வெயிலில் கண் கூசியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் என் கதை.

இரண்டு வண்டிப் பெண்களும் நான் சொன்னதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி என்னிடமே கேட்டாள்: “நீ இன்னும் பெரிய மனுசி ஆகலல்ல?” ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் உடைமரத்தடியில் விளக்கும் போட்டேன். எண்ணெய் கல்லில் சிந்தியது.

மூன்றாம் நாள் மத்தியானம் கங்காணி வண்டிப்பாதையில் வந்து, அவரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான், சொன்னார். முதலாளி சம்மதித்துவிட்டார். பீப்பாய் உண்டு, கொட்டகை உண்டு, போனவள் திரும்பினால் அவள் இடம் அவளுக்கே. நாளைக் காலையில் எழுதிக் கையெழுத்துப் போடலாம், எல்லாரும் வேலைக்கு இறங்க வேண்டும். அத்தை மூன்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆத்தா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆத்தாவை அப்படி அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. ஐந்து மணிக்கு மழை விழுந்தது.

முதல் தூறலிலேயே அத்தை எழுந்துவிட்டாள். “வாங்க, அம்பாரத்தை மூடுவோம். நேத்து வரைக்கும் வாரினதும் கரையிலதான் கெடக்கு. ஓலை மேட்டுமேல இருக்கு, வாங்க,” என்றாள்.

யாரும் அசையவில்லை.

“இன்னைக்கு மூணாம் நாளு. தலைக்கு ஊத்தாம அளத்துல இறங்கக் கூடாது,” என்றாள் மூத்த சுமைக்காரி.

“நாமதான் தூரமே இல்லையே.”

“சாமிகிட்டச் சொல்லிட்டமே தாயி. நாலாம் நாள் வாரோம்னு சொல்லிட்டமே.”

அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள். யாரும் நடிக்கவில்லை. சொன்ன சொல் அவர்களைக் கட்டிவிட்டது. ஆத்தா மரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அத்தை தனியாக ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன். ஓலைத் தட்டியின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். ஒரு அம்பாரத்தைப் பாதி மூடினோம். காற்று தட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. மழைத் தண்ணீர் வாயில் உப்புக் கரித்தது. அத்தை அழுதாளா என்று அந்த மழையில் தெரியவில்லை. நான் அழுதேன், எனக்குத் தெரியும். ‘நான் இறங்கினதால்தான், நான் விளக்குப் போட்டதால்தான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழுதேன்.

விடிந்து பார்த்தால் பாத்தி எல்லாம் குளம். மேட்டில் இருந்ததில் பாதி கரைந்து ஓடைக்குள் போயிருந்தது. முதலாளி கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷத்துக்கு அளத்தை மூடிவிட்டார். பாதி ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாயில் மண் சுமக்கப் போனது. எங்கள் வீட்டில் பனங்கிழங்கு மாவில் கூழ் காய்ச்சினார்கள். தம்பிகள் இரண்டு பேரும் அதைக் குடிக்காமல் அழுவார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ‘சாமியிடம் பொய்த் தூரம் சொன்னாள், அதனால் மழை வந்தது’ என்றார்கள். அதே வாயால், ‘மூன்றாம் நாளே தீட்டோடு இறங்கி ஓடினாள், அதனால் மழை நிற்கவில்லை’ என்றும் சொன்னார்கள். தூரம் பொய் என்றால் தீட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பசித்த வயிற்றுக்குக் கணக்குச் சரியாக வர வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் சங்கக் கூட்டம். உப்பு வாருகிற ஆண்களில் ஒருவர் முன்னால் நின்று பேசினார். அவருக்குத் தலைவராக வேண்டும் என்று முதலிலிருந்தே ஆசை. “உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். தலைவி சாமி முன்னாடி தப்பை ஒத்துக்கிட்டு விலகட்டும்,” என்றார். சங்கத்துக்காரர் குடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அத்தை எழுந்தாள். “மழை வருசா வருசம் வாரதுதான். மூடியிருந்தா மிஞ்சியிருக்கும். மூடக் கூப்பிட்டேன், நீங்க வரல. இதுல சாமிக்கு என்ன வேலை?”

அப்போது மூத்த சுமைக்காரி என் பக்கம் கையைக் காட்டினாள். கெட்ட எண்ணம் இல்லை. அத்தையைக் காப்பாற்ற ஒரு வழி தேடினாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

“வெளக்குப் போட்ட புள்ள இங்கனதான் இருக்கு. அதுகிட்டயும் கேப்போம். அங்கன எதுவும் கொறை வந்திருந்தா, தலைவிய மட்டும் சொல்ல முடியாதுல்ல. ஏத்தா, மூணு நாளும் சுத்தபத்தமாத்தான் வெளக்குப் போட்டியா?”

முற்றம் முழுக்க என்னைப் பார்த்தது. சுவரோரம் நின்றிருந்த நீங்கள் நாலு பேரும் பார்த்தீர்கள். இடுப்பில் அந்தக் கருநீலத் துணி இன்னும் இருந்தது. நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் பழி என்மேல் வந்துவிடும், அத்தை தப்பித்துக்கொள்வாள். எனக்கு எதிர்வீட்டு ஊறுகாய்ச் சாடி கண்ணில் வந்தது.

“ஆமா, சுத்தமாத்தான் போட்டேன்,” என்றேன்.

அத்தையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பள்ளிக்கூட ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவி விலக வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஆண்கள் எல்லாரும் தூக்கினார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூக்கினார்கள். ஆத்தாவும் தூக்கினாள், முழங்கையை மடக்கி, காது உயரத்துக்கு. ஆத்தா சாகும்வரை அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் அந்த அளத்தில் இடம் வேண்டியிருந்த ஒருத்தி வேறு என்ன செய்திருப்பாள் என்று எனக்குப் பேத்தி பிறந்த பிறகுதான் தோன்றியது. நானும் கை தூக்கியவள்தான். என் கை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

புதுத் தலைவருக்கு அடுத்த மாசியில் முதலாளி பீப்பாயும் கொட்டகையும் கொடுத்தார். கொட்டகைக்கு மாலை போட்டுத் திறந்தார்கள். மூன்றாவது கோரிக்கையை யாரும் எடுக்கவில்லை.

அந்த ஒரு வருஷம் அத்தைக்கு வேலை இல்லை. வீட்டுத் துணி முழுக்க அவள்தான் ஊருணிக்கு எடுத்துப் போய்த் துவைத்தாள். “பதவி போனதும் மதினிக்குக் குடும்பம் கண்ணுக்குத் தெரியுது,” என்றாள் ஆத்தா. அத்தை எங்கேயோ பழைய துணி வாங்கி எனக்கு இரண்டு பாவாடை தைத்துக்கொடுத்தாள். இரண்டும் கறுப்பு. அவளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எட்டாவது பரீட்சை முடிந்த மறுமாதம்தான் ஆத்தாவுக்குத் தெரிந்தது. அதுதான் முதல் தடவை என்று நினைத்துச் சடங்கு வைத்தாள். அத்தை அய்யாவோடு மூன்று நாள் சண்டை போட்டு என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினாள்.

அத்தை அதோடு முடங்கிப்போகவில்லை. வேறு அளங்களுக்கு நடந்தாள், சாயல்குடிப் பக்கம் பனைத்தொழில் செய்யும் பெண்களைக் கூட்டினாள், ஒருமுறை பதினைந்து நாள் சிறையிலும் இருந்தாள். ஒன்றியத்துக்கு நின்று ஜெயித்தாள். அறுபதுகளில் சட்டசபைக்கு நின்றாள். எதிரணி மேடையில் அவளுடைய கொள்கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ‘பொய்த் தூரம் சொல்லி மழையைக் கூப்பிட்டவள்’ என்று சொல்லிவிட்டு இறங்கினால் போதும், கூட்டம் கை தட்டும்.

நான் அப்போது டீச்சர். பக்கத்து ஊர்ச் சாவடியில் விரலுக்கு மை வைக்கிற வேலை எனக்கு. வரிசையில் நின்ற ஒரு பெண் பின்னால் நின்றவளிடம் சொன்னாள்: “எங்க ஆத்தா அன்னைக்கு அங்கன இருந்துச்சு. அந்தப் பொம்பளைக்கா போடச் சொல்ற? அந்த வருசம் நாங்க பட்டினி கெடந்தோம்.” பேசிக்கொண்டே விரலை நீட்டினாள். நான் மை வைத்தேன். சாவடிக்குள் உத்தியோகத்தில் இருக்கும்போது பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் சாவடி மூடி வெளியே வந்த பிறகும் நான் பேசவில்லை. அத்தை தோற்றாள்.

நான் முப்பது வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். கடல்நீர் சூடாகி ஆவியாகும், மேகமாகும், குளிர்ந்து மழையாகும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். பிள்ளைகள் வரைந்து கொண்டுவரும் படத்துக்குச் சரி போடுவேன். வீட்டுக்கு வந்தால் சித்திரைக் கடைசியில் மேகம் கறுக்கும்போது அளத்து அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

நாற்பது வருஷம் கழித்து, அத்தை படுக்கையில் விழுந்த மாசியில், மத்தியான நேரத்தில் அவளுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதத்தில் வெடிப்பு மூடவே இல்லை. திடீரென்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் சுத்தமாக இல்லை, பொய் சொன்னேன், உன்னை நான்தான் கெடுத்தேன் என்றேன்.

அத்தைக்கு ஆச்சரியமே இல்லை. “அந்தத் துணிய ஒன் இடுப்புல எதுக்குக் கட்டிவிட்டேன்னு நெனச்ச?” என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

“தெரிஞ்சுதான் ஓடச் சொன்னேன். வேற யாரு இருந்தா? தெரிஞ்சுதான் வெளக்குப் போடவும் விட்டேன். நீ கூட்டத்துல சுத்தமாத்தான் போட்டேன்னு சொன்ன பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இல்லாட்டி ஒன்னைய அந்தத் தையிலயே கட்டிக்குடுத்துத் தள்ளிவிட்டிருப்பாக.”

“அப்ப என்மேல வருத்தமே இல்லையா அத்தை?”

அத்தை தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு இல்ல. நீ சின்னப்புள்ள. தப்பு என்னோடது. தீட்டு, தோஷம்னு அவுக சொன்னதையே நானும் எடுத்து வெளையாண்டேன். வண்டிப் பொம்பளைகளை அதைச் சொல்லித்தான் வெரட்டினேன். நானே ஊட்டி வளத்தேன், அது என்னையவே முட்டுச்சு.” தண்ணீர் கேட்டாள், ஒரு வாய் குடித்தாள். “ஆனா நீ பொறவு டீச்சராயிட்ட. நீ பாத்திக்குள்ள இறங்கி ஓடினியே, உப்பு என்ன ஆச்சு?”

“பூத்துத்தான் கெடந்துச்சு.”

“பாத்தயில்ல?”

“பாத்தேன்.”

“அம்புட்டுப் பேர்ல அதைக் கண்ணால பாத்தவ நீ ஒருத்திதான். பாவம் பண்ணிட்டோம், பாவம் பண்ணிட்டோம்னு உள்ளயே வச்சு அழுதிருக்க. பாத்ததை ஒருநாள் ஒருத்திகிட்டச் சொல்லியிருக்கலாம்ல. ஓட்டுக்காகச் சொல்லல. ஒன் பள்ளிக்கூடத்துல எத்தனை பொம்பளப் புள்ளைக பாதியில நின்னுச்சு?”

எனக்கு எண்ணிக்கை தெரியும். அவர்கள் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தது இந்தக் கைதான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, “தேய்டி, கால் எரியுது,” என்றாள். தேய்த்தேன். பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறமும் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக நான் வாயைத் திறக்கவில்லை. என் மருமகள் அந்த மூன்று நாள் பூஜை அறைப் பக்கம் போகாமல் ஒதுங்கி இருப்பாள். என் பேத்தியையும் அப்படித்தான் பழக்கினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். போன மாதம் பேத்திக்குப் பரீட்சை. ‘இன்னைக்குச் சாமி கும்பிட்டுட்டுப் போக முடியாது, மார்க் கொறஞ்சா இதனாலதான்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போனாள். அன்று சாயங்காலம்தான் இந்த நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதுரையில் இருக்கிறவளுக்கு யாராவது இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சாயல்குடியில் இருக்கிறவளே, நீ கேட்காத மாதிரி இருக்காதே. அன்றைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது சரியான பதில் சொல்கிறேன். நான் சுத்தமாக இல்லை. அப்படியேதான் பாத்தியில் இறங்கினேன், தெற்குக் கரை வரைக்கும் குறுக்கே ஓடினேன், திரும்பியும் பார்த்தேன். உப்பு பூத்திருந்தது.